செல்லப்பன் அண்ணனின் கடலை டப்பா

ஓட்டுநர் செல்லப்பன் அண்ணன் மாரடைப்பில் போய்விட்டார் என்று மலைமேல் செம்மேட்டிலிருந்து போன் வந்தபோது நான் இறங்கும் பஸ்ஸில் நாற்பதாவது கொண்டை ஊசி வளைவில் இருந்தேன். அன்று அவருக்கு விடுமுறை, வேறொருவர் ஓட்டினார். அந்தச் சாலையில் பஸ்ஸைத் திருப்ப முடியாது. அடிவாரம்வரை இறங்கி, மறுபடி எழுபது வளைவும் ஏறித்தான் அவர் முகத்தைப் பார்த்தேன். அதுவரை டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தேன். என்ன பிழைப்போ இது.

ஒன்பது வருடம் அவர் ஓட்டுநர், நான் நடத்துநர். போன வருடம் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. டாக்டர் மாத்திரை எழுதினார். சாயங்கால போண்டாவை விட்டுவிட்டு, உப்பில்லாமல் வறுத்த கடலையும் பாதாமும் ஒரு கைப்பிடி தின்னச் சொன்னார். நான்தான் டப்பா வாங்கிக் கொடுத்தேன். செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, "இதைத் தவறாம தின்னா மாத்திரையே வேண்டியதில்லீங்ணா" என்று அளந்தும் விட்டேன்.

அண்ணன் மலைமேல் தேவனூர் நாட்டுக்காரர். பக்கத்தில் ஆள் இருந்தால் கொடுக்காமல் வாயில் போடமாட்டார். வண்டி நிற்கும்போதெல்லாம் டப்பா கடைசி சீட்டுவரை போய்க் காலியாக வரும். "உங்க நெஞ்சுக்கு வாங்குனதா, ஊரு நெஞ்சுக்கா?" என்று கத்துவேன். "நாலு பேரு பாத்திருக்க நான் மட்டும் தின்னா எறங்காது சாமி" என்பார்.

ஒரு மழை நாளில் முன்னும் பின்னும் பாறை சரிந்து, நடுவில் மாட்டிக்கொண்டோம். அன்றும் டப்பா சுற்றியது. அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். மாத்திரை எங்கே என்றேன்.

"அதை நிறுத்தி மாசமாச்சு. நீதானப்பா சொன்ன?"

மறுபடி போடச் சொல்லிக் கெஞ்சினேன். "போட்டுக்கறேன். ஊட்ல சொல்லீராத. ஆபீசுக்குத் தெரிஞ்சா ஸ்டீரிங்கப் புடுங்கீருவாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சொன்னால் அவர் வேலை போகும், சொல்லாவிட்டால் உயிர். சாயங்காலம் ஜேசிபி வந்து பாறையைத் தள்ளி வழி உண்டாக்கியது. மாத்திரை போடுகிறாரா என்று அதன்பிறகு நான் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

காரியம் முடிந்ததும் அண்ணி அந்த டப்பாவை என்னிடம் நீட்டினார். "ஒருநாளு தவறாம கொண்டு போனாருங்க தம்பி. பொறகும் எப்படிங்க இப்படி ஆச்சு?"

டப்பாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அண்ணனை அறிந்த எல்லோர் முன்னாலும் இப்போது சொல்கிறேன் அண்ணி. கடலை நல்லதுதான்; மாத்திரைக்கு அது மாற்றில்லை. மாற்று என்று சொன்னவன் நான்.

டப்பா என்னிடம்தான் இருக்கிறது. தினமும் நிரப்பிக் கடைசி சீட்டுவரை அனுப்புகிறேன். எல்லோரும் எடுத்துக்கொள்கிறார்கள். எனக்குத்தான் ஒன்றும் இறங்கவில்லை.