ஒரு சுற்றுக்கு ஒரு கை

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். சிம்மக்கல்லில் இன்று பம்ப்செட் உதிரிபாகம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால் என் கடையைத்தான் கைகாட்டுவார்கள். டி. கல்லுப்பட்டி சம்சாரிகள் வழியில் நாலு கடையைத் தாண்டி என்னிடம் வருகிறார்கள். வியாபாரத்தை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை, "அப்பா, விளையாட்டுல அம்மா இடம் காலியா இருக்கு, வந்து உக்காருங்க" என்றபோது, இதென்ன பெரிய வித்தை என்றுதான் மாடி ஏறினேன்.

மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சீக்கில் கிடந்த காலத்தில் அவள் மகளோடும் மகளுடைய கல்லூரித் தோழனோடும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை சொல்லி ஆடும் இந்த விளையாட்டை ஆடிவந்தாள். தோழன் கதை சொல்வான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். சண்டை வந்தால் பகடை. கதையில் மனைவி ஒரு மருத்துவச்சி. மேசையில் அவளுக்கு அடையாளம் ஒரு நீலப் பொத்தான். இப்போது தன் பாத்திரத்தோடு அதையும் மகளே நகர்த்தினாள். எனக்கு ஈட்டிக்காரன். அடையாளத்துக்குக் கடையிலிருந்து ஒரு பித்தளை நட்டு கொண்டுபோயிருந்தேன்.

"இது கடைசிச் சண்டைப்பா. அம்மாவோட ஆளு உசுரோட ஊர் போய்ச் சேரணும். எனக்கு அம்புட்டுத்தான்" என்றாள் மகள்.

"நான் இருக்கேன்ல. விடு."

தோழன் விதியைச் சொன்னான். சண்டை தொடங்கும்போது எல்லோரும் இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் வந்தவருக்கு முதல் முறை. சண்டை முடியும்வரை அந்த வரிசை மாறாது. எல்லோரும் ஆடி முடித்தால் ஒரு சுற்று. நாம் அரைமணி நேரம் பேசினாலும் கதைக்குள் அது ஆறு நொடிதான்.

உருட்டினோம். எதிரிகளான பூதத்துக்கும் அதன் அடியாள் குள்ளனுக்கும் தோழனே உருட்டினான். நான்தான் முதல். எனக்குப் பின் குள்ளன், பிறகு பூதம், கடைசியில் மகளும் பொத்தானும்.

"பாத்தியா, எங்க போனாலும் முதல் ஆளு" என்றேன்.

ஆனால் நான் முதலில் அடிக்கவில்லை. கடையில் நான் முதலில் விலை சொன்னதே கிடையாது. எதிரே நிற்பவன் வாய் திறக்கட்டும் என்று இருப்பேன். "பூதம் பொத்தான் மேல கை ஓங்குனா அப்பக் குத்துறேன்."

"சரிப்பா. ஆனா உங்க முறை இல்லாதப்ப, ஒரு சுற்றுக்கு ஒரு தடவைதான் கை நீட்டலாம். காத்திருந்து குத்துறதும் அதுலதான் சேரும்" என்றான் தோழன்.

"தெரியும் தம்பி. நீ நடத்து."

குள்ளன் என்னைத் தாண்டி ஓடினான்.

"தப்பிச்சு ஓடுறவனை முறை இல்லாமலே ஒரு அடி அடிக்கலாம். அடிக்கிறீங்களா?"

கைக்கு வந்ததை விட்டுப் பழக்கமில்லை எனக்கு. "இதையெல்லாம் கேக்கணுமா? போடு."

குள்ளன் செத்தான். மகள் "அப்பா" என்றாள். பாராட்டு என்று நினைத்தேன்.

பூதம் பொத்தான் மேல் கை ஓங்கியது.

"குத்துறேன்."

"கை முடிஞ்சிருச்சுப்பா. குள்ளன் மேல போயிருச்சு. இனி உங்க முறை திரும்ப வந்தாத்தான்."

"என்னப்பா நியாயம் இது? ரெண்டும் அதே ஆறு நொடிக்குள்ளதான நடக்குது?"

"அதனாலதாம்பா."

அவன் உருட்டினான். என்னைப் பார்க்காமல் மகளைப் பார்த்துச் சொன்னான்: "ஒரே அடி. போயிருச்சு."

மகள் பொத்தானை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, வண்டியை எங்கே நிறுத்தினேன் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். இப்போது நட்டின் மரை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தேன். தேயவில்லை.

"இப்ப உன் முறை" என்றான் அவளிடம்.

"நான் ஒண்ணும் பண்ணலை. அடுத்து."

சுற்று முடிந்தது. வரிசை மாறவில்லை.

"உங்க முறைப்பா."

"குத்துறேன்."

பெரிய எண் விழுந்தது. பூதம் சாய்ந்தது. "நீங்கதான் முடிச்சீங்க" என்றான்.

"ஆமா, நான்தான்" என்றேன். கடையில் விலை சொல்கிற அதே குரல்.

மகளின் கை மூடியபடியே இருந்தது. நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கீழே இறங்கினேன். மறுநாள் கடை திறந்ததும், அதை எடுத்த பெட்டியிலேயே போட்டேன்.