தவக்காலத்து வெள்ளியில் ஒரு பீட்சா

சென்னை விமான நிலையத்தில் எனக்குப் பிடித்த இடம் என்று ஒன்று கிடையாது. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காத கடைகள்தான் எங்கும். ஆனால் அன்று அம்மா வாய்விட்டு ஒன்று கேட்டாள்.

"அந்த பீட்சா வாங்கித் தாயேன். உன் மவ எப்பவும் சொல்லுதாள்லா, அது என்னதான்னு பாப்போம்."

சக்கர நாற்காலியில் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். மருத்துவர் என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, இனிமேல் சிகிச்சை வேண்டாம், ஊருக்குக் கூட்டிப்போங்கள், சில வாரங்கள்தான் என்று சொல்லியிருந்தார். அம்மாவிடம், "மருந்தை வீட்டுலயே சாப்பிடலாமாம்" என்று சொல்லிவைத்திருந்தேன். எனக்குப் பொய் வராது. அன்று மட்டும் தண்ணீர்பட்ட பாடாக வந்தது.

தூத்துக்குடி விமானத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. கடையில் எனக்கு முன்னால் நின்றவர் ஒவ்வொரு பீட்சாவுக்கும் ஜாதகம் கேட்டுக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் ஏதோ ஒரு படத்தில் விரலை வைத்து "இது" என்றேன். அட்டைப்பெட்டியை அம்மா மடியில் வைத்துத் திறந்தால், சீஸ் மேலெல்லாம் கோழித் துண்டுகள்.

அம்மா பெட்டியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஏளா, இன்னைக்கு வெள்ளிக்கிழமைல்லா."

ஈஸ்டர் வரைக்குமான தவக்காலத்து வெள்ளி. எங்கள் ஊர் புன்னைக்காயலில் பிறந்த எவளும் அன்று கறி தொடமாட்டாள். மீன் என்றால் ஆட்சேபணை இல்லை. ஆஸ்பத்திரியே கதி என்று கிடந்ததில் எனக்குக் கிழமையே மறந்துபோயிருந்தது.

"சீக்காளிகளுக்கு இந்தக் கட்டுப்பாடெல்லாம் கிடையாதும்மா. பங்குச் சாமியாரே சொல்லியிருக்காரு. தின்னு."

"சாமியார் சொல்லுவாரு. இத்தன வருசம் தொடாதவ இப்பமா தொடுவேன்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இவளை இந்தப் பாடு படுத்துகிற ஆண்டவருக்கு, ஒரு துண்டுக் கோழியை விட்டுக்கொடுக்க மனசு வராதா? 

அவளோ, மீனில் முள் எடுக்கிற மாதிரி நிதானமாகக் கோழியைப் பொறுக்கிக் காகிதத்தில் ஒதுக்கினாள். மிச்சத்தைக் கடித்தாள். சீஸ் நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்ததில் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு. இதுக்கு மேல சீலா மீன வச்சானுவன்னா இன்னும் எடுப்பா இருக்கும்."

கஞ்சியைக்கூட வேண்டாமென்று தள்ளியவள் ஒரு துண்டில் பாதியைத் தின்றுவிட்டாள். அந்தச் சந்தோஷத்தில் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஈஸ்டர் வரட்டும்மா. தூத்துக்குடியிலயே கோழி போட்டு முழுசா வாங்கித் தாரேன்."

அம்மா விரல்களைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"ஈஸ்டருக்கு நீ தின்னுளா. எனக்கும் சேத்துத் தின்னு."

அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை. விமானத்துக்கு அழைத்தார்கள். நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனேன். என் முகத்தை அவள் பார்க்க முடியாது என்பது அப்போது பெரிய உதவியாக இருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், குருத்தோலை ஞாயிறு வருவதற்குள் அம்மாவைப் புன்னைக்காயல் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டோம். ஈஸ்டர் காலைப் பூசை முடிந்ததும் யாரிடமும் சொல்லாமல் தூத்துக்குடிக்குப் போனேன். கோழி போட்டுத்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன். இரண்டு பேருக்கும் சேர்த்துத் தின்றுவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஒரு துண்டுக்கு மேல் இறங்கவில்லை.