தூரத்தை முதலாவதாகப் போட்டோம்

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். பெரியகல்லாற்றில் வாவியில் வலை வீசுவது என் தொழில். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்க எனக்கு எப்போதும் கூச்சம்.

மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தாள். நூலகத்திலிருந்து பழைய வினாத்தாள்களை எடுத்து வந்து, மணிக்கூட்டை முன்னால் வைத்துக்கொண்டு எழுதுவாள். பிறகு புள்ளித்திட்டத்தைப் பார்த்துத் தானே திருத்துவாள். பெறுபேறு நன்றாக வந்தது. நில அளவை படிக்கப் போகிறேன் என்றாள். அந்தப் படிப்போ தூரத்து மலைநாட்டுப் பல்கலைக்கழகத்தில்தான் இருந்தது.

விண்ணப்பத்தில் விரும்பும் படிப்புகளை வரிசையாகப் போட வேண்டும். ஊருக்குக் கிட்ட உள்ள கம்பஸில் இருப்பதை முதலில் போடச் சொன்னேன்.

"கால்மாட்டில மீன் நிக்கக்குள்ள ஆழத்துக்கு ஏன் வீசுவான்? தூரத்துக்குப் போட்டு, கிட்ட உள்ளதும் போனா என்ன செய்யிற?"

அவள் பல்கலைக்கழக அனுமதிக் கைநூலை மூடி வைத்தாள். விண்ணப்பத்தையும் அனுப்பவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, லீவில் வந்திருந்த கம்பஸ் பிள்ளைகள் நூலக மண்டபத்தில் விண்ணப்பிக்கும் முறையை இலவசமாக விளக்கினார்கள். எந்தப் படிப்புக்கு எத்தனை புள்ளி வேண்டியிருந்தது என்று, போன வருடத்து வெட்டுப்புள்ளிகளைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். தாய் தகப்பனும் வர வேண்டுமாம். நான் போய்க் கடைசி வாங்கில் இருந்தேன்.

விளக்கிய பிள்ளை, "விளங்காட்டிக் கேளுங்க" என்றாள். ஒருவரும் கேட்கவில்லை. மகள் முன்வரிசையில் தலை குனிந்து இருந்தாள். அந்தக் குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டே எழும்பிவிட்டேன்.

"புள்ள, தூரத்த முதலாவதாப் போட்டு அது கிடைக்காட்டி, மறுகா கிட்ட உள்ளதும் இல்லாமப் போயிடுமா?"

பக்கத்தில் இருந்த என் கூட்டாளி, "இவன் வாய் திறந்திட்டான். இண்டைக்கு மழைதான்" என்றான். மண்டபமே சிரித்தது. அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை.

"இல்ல மாமா. முதலாவதுக்குப் புள்ளி காணாட்டி ரெண்டாவதப் பார்ப்பாங்க. கீழ போட்டதால ஒண்டும் குறையாது. ஆனா கிட்ட உள்ளத மேல போட்டு அது கிடைச்சா, தூரத்தப் பார்க்கவே மாட்டாங்க."

சிரிப்பு நின்றது. கூட்டாளி தன் மகன் பக்கம் குனிந்து, "டேய், எங்கட எப்பிடிப் போட்டிருக்கு?" என்று கேட்டான். முன்னுக்கும் பக்கத்திலும் அதே கேள்விதான். எல்லாத் தகப்பன்மாரும் என்னைப் போலவே சொல்லி வைத்திருக்கிறார்கள்.

மகள் திரும்பிப் பார்த்தாள்.

"நில அளவைய மேல போடு மகள்" என்றேன், அத்தனை பேருக்கும் கேட்க.

அவளுக்கு அதுவே கிடைத்தது. செய்தி வந்த காலையில் துறையில் நின்றவர்கள் இறால் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. தோணியைக் கட்டிவிட்டுப் போய், நானாகவே சொன்னேன்.