கல்யாண கேசட்டில் ஒரு துப்பறியும் படம்

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தாலே, "போய் வேலையைப் பாருப்பா" என்று துரத்துகிற ஆள் நான். வில்லியனூரில் ஸ்டுடியோ கலைவேந்தன் என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்த நானே சொல்கிறேன்: இது என் கடையில், என் கண் முன்னால், பட்டப்பகலில் நடந்தது. கதை விடுகிறான் என்று தோன்றினால் இத்தோடு மூடி வைத்துவிடுங்கள். எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

பழைய வீடியோ கேசட்டுகளை பென்டிரைவில் ஏற்றிக் கொடுப்பதும் என் தொழிலில் சேர்த்தி. போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். வெளியே அடைமழை. உறுவையாற்றிலிருந்து வைஜெயந்தி என்ற பெண் ஒரு கேசட்டோடு வந்தாள். துணைக்கு அவளை வளர்த்த அத்தை, அப்பாவின் அக்கா திரௌபதி. பெண்ணுக்கு அடுத்த மாதம் கல்யாணம்.

"எங்கம்மா கல்யாண கேசட்ணா. எனக்கு ரெண்டு வயசு இருக்கசொல்ல அம்மா வூட்ட வுட்டுப் போயிட்டாங்க. ஒரு போட்டோகூட கெடையாது. அவங்க மூஞ்சி எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது. பரண்ல இது மட்டும்தான் கெடச்சுது."

"ஓடிப்போனவ மூஞ்சிய இப்பப் பாத்து இன்னாடி பண்ணப்போற?" என்றார் அத்தை.

"எவளா இருந்தா இன்னா அத்தே? என்னப் பெத்தவ. மணவறைல ஒக்கார்றதுக்குள்ள ஒரு தபா பாத்துடணும்."

கேசட்டைக் கையில் வாங்கினேன்.

கேசட்டைத் திருப்பிப் பார்த்தேன். முதுகுப் பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் தடுப்பு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே வேறு எதுவும் பதிவாகாது. கல்யாண கேசட் என்றால் நாங்களே உடைத்துத்தான் கொடுப்போம். இதிலும் உடைந்திருந்தது. ஆனால் அந்த ஓட்டையின் மேல் யாரோ செலோடேப் ஒட்டியிருந்தார்கள். ஓட்டையை மூடினால் மேலே மறுபடி பதியலாம். வேண்டுமென்றே அழித்திருக்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

சொல்லாமலே டெக்கில் போட்டு ஓடவிட்டேன். நாதஸ்வரம் வரவில்லை. கறுப்பு வெள்ளையில் ஏதோ வெளிநாட்டுத் தெரு வந்தது. மழை. ஒரு விளக்குக் கம்பம். நீளக் கோட்டும் தொப்பியுமாக ஒரு ஆள் சிகரெட் பற்றவைத்தான். துப்பறியும் படம். பேச்செல்லாம் பிரெஞ்சு. எங்கள் பக்கம் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா வீடுகளில் இந்த மாதிரிப் படங்கள் நிறைய இருக்கும்.

வைஜெயந்தி அழவில்லை. "கடைசீல கொஞ்சமாச்சும் மிச்சம் இருக்கும். ஓட்டிப் பாருங்கண்ணா" என்றாள்.

ஓட்டினேன். திரையில் தெளிவாகத் தெரியட்டும் என்று ஷட்டரைப் பாதிக்கு இறக்கினேன். வைஜெயந்தி டிவிக்கு நேராக உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்டூலில் அத்தை.

துப்பறிகிறவன் ஒரு சாராயக் கடைக்குள் நுழைந்தான். கவுன் போட்ட பெண்கள், கோட்டுப் போட்ட ஆண்கள். அவர்களுக்கு நடுவில், கடைசி மேஜையில் ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

சேலை கட்டியிருந்தாள்.

"அண்ணா... அது..."

"பழைய பதிவு அடியில மிச்சம் இருந்தா இப்படித்தாம்மா மேல தெரியும். பயப்படாத" என்றேன். தொழில் தெரிந்தவன் இல்லையா! சொல்லும்போதே ஒன்று உறுத்தியது. கட்டியிருந்தது பட்டுச் சேலை இல்லை. வீட்டில் கட்டுகிற பூனம் சேலை. தலையில் பூ இல்லை. எந்தக் கல்யாணப் பெண் இப்படி இருப்பாள்?

அடுத்த காட்சி மாடிப்படி. துப்பறிகிறவன் ஏறினான். நாலு படி கீழே அவளும் ஏறினாள். அவள் கால் வைத்த படியெல்லாம் ஈரம்.

அடுத்து ஒரு அறை. வரிசையாக நாலைந்து பேர். துப்பறிகிறவன் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து ஏதோ கேட்டான். யாரும் வாய் திறக்கவில்லை. அவனுக்குப் பக்கத்தில் அவள். இப்போதும் முதுகுதான் தெரிந்தது.

"நிறுத்துப்பா. போதும்" என்றார் அத்தை. குரல் நடுங்கியது.

பாஸ் அழுத்தினேன்.

படம் நின்றது. தூக்கிய கை அப்படியே நின்றது. சிகரெட் புகையும் நின்றது.

அவள் கூந்தலில் இருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

சொட்... சொட்... சொட்...

பாஸில் சத்தம் வராது. எந்த டெக்கிலும் வராது.

வந்தது.

ஸ்டாப் அழுத்தினேன். நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கலாம் என்றால் கை வரவில்லை.

அவள் மெதுவாகத் திரும்பினாள்.

வைஜெயந்தியின் முகம்! அதே நெற்றி, அதே மூக்கு. கொஞ்சம் மெலிவு.

"அம்மா..." என்றாள் வைஜெயந்தி.

அந்தக் கண்கள் மகளைப் பார்க்கவில்லை. மகளின் தோளைத் தாண்டிப் பின்னால் பார்த்தன.

ஸ்டூலை.

"அண்ணி... பாப்பா தூங்கிட்டாளா?"

சுத்தமான தமிழ். நம் ஊர்ப் பேச்சு.

ஸ்டூல் கவிழ்ந்தது. "ஐயோ... கேக்காதடி... கேக்காத..." அத்தை ஷட்டருக்கு அடியில் குனிந்து மழைக்குள் ஓடினார்.

திரும்பிப் பார்த்தேன். திரையில் அவள் இல்லை. நின்றுபோன புகையும் தொப்பிக்காரனும் மட்டும் இருந்தார்கள்.

அன்று சாயங்காலமே முருகா முருகா என்று கேசட் முழுவதையும் இன்னொரு முறை ஓட்டினேன். வெறும் துப்பறியும் படம். சேலை கட்டிய பெண் எந்தக் காட்சியிலும் வரவில்லை.

வாரக் கடைசியில் வைஜெயந்தி தனியாக வந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அத்தை தானாகவே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாராம். கரும்புக் கொல்லையில் தூர்ந்து கிடந்த கிணற்றைத் தோண்டி அம்மாவின் எலும்புகளை எடுத்திருக்கிறார்கள். ஏதோ வீட்டுச் சண்டை. ஆத்திரத்தில் அத்தைதான் கிணற்றில் பிடித்துத் தள்ளியிருக்கிறார். ஓடிப்போய்விட்டாள் என்று ஊரை நம்பவைத்து, போட்டோக்களை அடுப்பில் போட்டு எரித்திருக்கிறார். கேசட்டை மட்டும் எரிக்கக் கை வரவில்லையாம். மஞ்சள் குங்குமம் வைத்து சாமி அலமாரியில் இருந்ததாயிற்றே, நெருப்பில் போட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்று பயம். தான் வேலை பார்த்த சொல்தா வீட்டில் கொடுத்து, மேலே ஏதாவது படம் ஏற்றச் சொல்லியிருக்கிறார். அப்புறம் அதைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டார்.

"கெணத்தாண்ட நின்னுக்கினு இருந்த அம்மா, பாப்பா தூங்கிட்டாளான்னு கேட்டுக்கினே திரும்பினாங்களாம்ணா" என்றாள் வைஜெயந்தி. "அதான் கடைசியா பேசினது. அங்க அவங்க ரெண்டு பேரத் தவிர யாருமே இல்லியாம்."

அவளைத் தேற்றவா, என்னைத் தேற்றிக்கொள்ளவா தெரியவில்லை, வாயில் வந்ததைச் சொன்னேன்.

"டெக்கு பழசும்மா, அதான் பாஸ்ல கொழம்பிடுச்சி. கல்யாணத்தன்னிக்கி உங்கம்மா எதையோ பேசியிருப்பாங்க. உன்னப் பத்திக் கேட்டது அடியில மிச்சம் இருந்து..."

வைஜெயந்தி என்னையே பார்த்தாள்.

"அவங்க கல்யாணத்தன்னிக்கி நான் எங்கண்ணா இருந்தேன்?"