பெரியப்பாவுக்குக் கரைத்த சுண்ணாம்பு

சிங்கப்பூர் டாக்டர் நெஞ்செரிச்சலுக்குத் தந்த வெள்ளைப் பொடியை நாக்கில் வைத்தேன். அப்படியே வெற்றிலைச் சுண்ணாம்பு ருசி. எட்டு வயதில் ஊரில் எங்கள் மஹய்யாவ வீட்டில் நான் பழிவாங்கிய ஞாயிற்றுக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது.

ஹேவாஹெட்ட தோட்டத்தில் கங்காணியாக இருந்த பெரியப்பா ஞாயிறுதோறும் சாப்பிட வருவார். "சின்னப் பயலுக்கு எலும்பு போதும்" என்று என் தட்டிலிருந்த ஆட்டுக்கறியை அள்ளிக்கொள்வார். பிறகு கதிரையில் சாய்ந்து, "நெஞ்சு எரியுதும்மா" என்று என் அம்மாவிடம் ஓமத்தண்ணீர் கேட்பார். நன்றாக எரியட்டும் என்று, அன்று அந்த ஓமத்தண்ணீரில் அம்மாவின் வெற்றிலைப்பெட்டிச் சுண்ணாம்பைக் கரைத்து வைத்தேன். மனுஷன் வாய் வெந்து துடிப்பார் என்று நினைப்பு.

குடித்தார். நீளமாக ஓர் ஏப்பம் விட்டார்.

"இப்பத்தாம்மா நெஞ்சு ஆறுச்சு. இன்னும் ரெண்டு துண்டு இருந்தா போடு."

அன்று எனக்கு எலும்பும் மிஞ்சவில்லை. வைத்தியம் பார்த்தவனுக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

இப்போது அவருடைய தொப்பை எனக்கும் வந்துவிட்டது. அவருக்கோ எரிச்சல் திரும்பிவிட்டதாம். அங்கே நல்ல மருந்து இருந்தால் சொல்லு என்று கடிதம் எழுதியிருந்தார். பொடி வேலை செய்து நெஞ்சு குளிர்ந்ததும் ஆற அமர உட்கார்ந்து பதில் எழுதினேன்.

"இங்குள்ள டாக்டர்மார் மூன்று வேளையும் நல்ல உறைப்பான கொச்சிக்காய்ச் சம்பல்தான் சாப்பிடச் சொல்கிறார்கள், பெரியப்பா."