அம்மாவுக்கு மகள் நான் ஒருத்திதான்

உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும் நாளில் அம்மா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைந்திருக்கும். இம்மாதிரிக் கட்டுரையில் மறைந்தவரின் அருங்குணங்களை எழுதுவது வழக்கம். நானும் எழுதுகிறேன். அதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்த ஊரில் என் அம்மாவை "அம்மா" என்று கூப்பிட்ட ஒவ்வொருவர் மீதும் எனக்குப் பொறாமை உண்டு.

மலர் அச்சுக்குப் போகிற நேரத்தில் அந்தப் பொறாமை மறுபடியும் தலைதூக்கிவிட்டது. கடைசிப் பக்கத்தில் குடும்பத்தார் பட்டியல் வருமே, அதில் 'மகன்கள்' என்று போட்டுத் தங்கள் பெயரைச் சேர்க்கும்படி மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். அம்மா பெற்றது என்னை மட்டும்தான்.

அம்மா பிறந்தது அந்தியூருக்குப் பக்கத்தில், மழையை நம்பிய ஒரு சின்ன நிலக்கடலைக் காட்டில். அவருக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஒரே கோடையில் வயிற்றுப்போக்கு கண்டு, ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரும் போய்விட்டார்கள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரை விடாமல் கொடுத்திருந்தாலே பிழைத்திருக்கக்கூடும் என்பது செவிலியர் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் அம்மாவுக்குத் தெரிய வந்ததாம். அதைச் சொல்லும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

பயிற்சி முடிந்து, அவிநாசி பக்கத்துக் கிராமம் ஒன்றில் கிராமச் செவிலியராக வேலைக்கு வந்தார். அப்பாவுக்குப் பஞ்சாலையில் ஷிப்டு வேலை. நான் பிறந்து மூன்றாவது வருடம் அம்மா குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை செய்துகொண்டார். வீடு வீடாகப் போய் அளவான குடும்பம் பற்றிப் பேசும்போது, "உங்களுக்கு எத்தனைங்க?" என்றுதான் பெண்கள் முதலில் கேட்பார்களாம். அதற்குக் கூசாமல் பதில் சொல்ல வேண்டும் என்று அம்மா நினைத்தார். எனக்கு ஒரு தம்பி வேண்டும் என்று நான் அழுததெல்லாம் கணக்கில் வரவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி நாள். பள்ளி விட்டு வந்தால் அம்மாவின் மடியில் ஏதாவது ஒரு குழந்தை இருக்கும். ஊசி போட்டுவிட்டு, அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டி, "என்ற தங்கமல்லோ, என்ற ராசாவல்லோ" என்று கொஞ்சுவார். என்னை அப்படிக் கொஞ்சியதாக எனக்கு ஞாபகமில்லை. எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது ஒரு புதன்கிழமை, அதே ஊரைச் சேர்ந்த சரசு அக்காவின் கைக்குழந்தை செந்திலை என்னிடம் கொடுத்துவிட்டு அம்மா கை கழுவப் போனார். நான் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினேன். அவன் வீறிட்டான். ஊசி வலி என்று நினைத்து அம்மா ஓடிவந்து அவனைத்தான் இன்னும் கொஞ்ச நேரம் கொஞ்சினார்.

அந்தச் செந்திலால்தான் எல்லாம் ஆரம்பித்தது. அவனைப் பெறும்போது ரத்தம் நிற்காமல் சரசு அக்கா பிழைத்ததே பெரிய பாடு. இன்னொரு பிரசவம் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அக்காவின் மாமியார் ஒத்துக்கொள்ளவில்லை. நம் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் உங்களுக்குத் தெரியும். மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் அவன் உடன்பிறந்தவள் அலங்கரித்து நின்று சீரை ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர்களுக்குப் பங்காளி வீடுகளிலும் பெண் குழந்தை இல்லை.

"ஒத்தப் பையனா நிறுத்திப்போட்டா முகூர்த்தத்துல அவம் பக்கத்துல ஆருங்க நிப்பா? ஒரு பொண்ணு பொறக்கட்டுமுங்க, பொறகு பார்த்துக்கலாம்" என்றார் மாமியார்.

"ஏனுங்க, பொண்ணு பொறக்கறதுக்குள்ள சரசு போயிட்டா இந்தப் பையனை ஆருங்க வளத்துவா? இணைச்சீருக்குத்தானுங்க பொண்ணு வேணும்? இதா, என்ற புள்ள இருக்கறா. இவதான் உங்க பேரனுக்கு அக்கா. முகூர்த்தத்துக்கு இவ வந்து நிப்பா" என்றார் அம்மா.

"நெசமாலுமுங்களா?"

"சொன்னாச் சொன்னதுதானுங்க."

புத்தகப் பையோடு வாசலில் நின்றிருந்த என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த வாரமே சரசு அக்காவுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை நடந்தது. அக்கா இன்றைக்கும் நன்றாக இருக்கிறார். இந்தச் செய்தி பரவி, இன்னும் இரண்டு வீடுகளில் அதே வாக்கைக் கொடுத்துவிட்டு வந்தார் அம்மா. ஒரு வீட்டில் மூர்த்தி, இன்னொரு வீட்டில் பிரகாசு, இரண்டு பேரும் ஒற்றைப் பையன்கள்.

எங்கள் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ போதும் என்பது அப்போதுதான் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. காட்டைப் பிள்ளைகளுக்குள் துண்டு போட வேண்டாம் என்று நினைத்தவர்கள் உண்டு. பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போகத் தொடங்கிய பெண்கள் உண்டு. ஆனால் பெற்ற பிள்ளை பிழைத்துக்கொள்ளும் என்ற நம்பிக்கை வராமல் யாரும் ஒன்றோடு நிறுத்த மாட்டார்கள் என்று அம்மா சொல்வார். அந்த நம்பிக்கையைத்தான் அவர் புதன்கிழமைதோறும் ஐஸ் பெட்டியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அலைந்தார். ஊர் செழித்தது. ஓட்டு வீடுகள் மாடியாயின. பிள்ளைகள் இன்ஜினியர்கள் ஆனார்கள். இன்று அந்த ஊர்ப் பள்ளியில் பாதிப் பேர் ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். ஓய்வு பெற்ற பிறகும் அம்மா அந்தக் குடும்பங்களைத் தேடிப்போய், பாஷை தெரியாமல் கையைக் காட்டியே அடுத்த ஊசி எப்போது என்று சொல்லிவிட்டு வருவார். கோவையில் ஆசிரியையாக இருந்த என் வீட்டுக்கு வரச் சொன்னால் மட்டும், "இந்தப் புதன் போகட்டும், வாரேன்" என்பார். எத்தனை புதன் போயிற்று!

அம்மா கொடுத்த வாக்கை நான் காப்பாற்றினேன். மூன்று கல்யாணத்திலும் பட்டுச் சேலை கட்டி, இணைச்சீர்க் கூடையைத் தலையில் ஏந்தி நின்றேன். நின்ற மூன்று முறையும் முகத்தை உர்ரென்றுதான் வைத்திருந்தேன், போட்டோவில் பார்க்கலாம். அவர்களும் எனக்கு முறை செய்யாமல் இல்லை. என் மகளுக்குக் காது குத்தியபோது தாய்மாமன் மடி வேண்டுமே. செந்தில் சீர்த்தட்டோடு வந்து உட்கார்ந்தான். அம்மாவிடம் நல்ல பேர் வாங்க வந்திருக்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றியது.

கடைசி இரண்டு மாதம் அம்மா கோவையில் ஆஸ்பத்திரியில் இருந்தார். சிறுநீரகம் கைவிட்டுவிட்டது. மூன்று பேரும் முறை வைத்து வந்தார்கள். உடுமலைப்பேட்டையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் மூர்த்தி, அம்மா குடிக்கலாமா என்று கேட்காமலே இளநீரைக் கொண்டுவந்து இறக்குவான். "மகனுங்களா?" என்று நர்ஸ் கேட்டால் செந்தில் தயங்காமல் "ஆமாங்க" என்பான். எனக்குச் சுருக்கென்று தைக்கும். ஒரு மதியம் அவன் வெளியே போனதும் பொறுக்க மாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"ஏம்மா, என்னைப் பெத்ததே ஊருக்கு இரவல் குடுக்கத்தானுங்களா?"

அம்மாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

"அட கிறுக்கி, இரவலா? என்ற தம்பிக ரெண்டு பேரையும் மண்ணுல வெச்சுட்டு வந்தவ நானு. உனக்கு ஒரு தம்பியப் பெத்துக் குடுக்காம நானே நிறுத்திப்போட்டேன். எனக்கப்புறம் உனக்குப் பொறந்த ஊடுன்னு சீர் கொண்டுட்டு ஆரு வருவாங்கன்னு நெனைக்காத நாளில்ல கண்ணு. அவங்களுக்கு அக்கா குடுக்கலை. உனக்குத் தம்பி தேடுனேன்."

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அதற்கு அடுத்த வாரம் அம்மா போய்விட்டார்.

கொள்ளி வைக்கச் செந்தில் மொட்டையடித்துக்கொண்டு வந்து நின்றான். "இது நான் செய்யறது" என்று சொல்லி நானே வைத்தேன். அவன் குடத்தை என் தோளுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

அம்மாவின் சிகிச்சைக் காலத்தில் துணை நின்ற மருத்துவர்கள், செவிலியர்கள், ரத்தம் கொடுத்த இளைஞர்கள், வாரம் தவறாமல் வந்து பார்த்த சரசு அக்கா, இறுதி நாளில் கம்பெனிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து வரிசையில் நின்ற ஒடிசாத் தாய்மார்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

பட்டியல் அடுத்த பக்கத்தில் இருக்கிறது. 'மகன்கள்' என்ற வரியை நான் அடித்துவிட்டேன். இத்தனை வருடம் பங்கு போட்டது போதும், இனி அம்மா எனக்கு மட்டும்தான். 'மகள்' என்ற இடத்தில் என் பெயர் தனியாக இருக்கும். அதற்குக் கீழே, 'மகளின் தம்பிகள்' என்று மூன்று பெயர் இருக்கும். இப்படி யாரும் போடுவதில்லை என்று அச்சகத்தார் சொன்னார். போடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

செந்தில், அன்றைக்கு நீ அழுதது ஊசிக்கு அல்ல. அக்கா கிள்ளினேன்.