மேகலாவின் முதலாண்டுப் பிள்ளைகள்

செய்தி வந்தபோது நான் முதலாண்டு வகுப்பில் இருந்தேன். மேசைமேல் கைப்பேசி அதிர்ந்தது. மேகலாவின் கணவர் பெயரைப் பார்த்ததும் வராந்தாவுக்கு வந்தேன். "அக்கா, மேகலா போயிட்டாளுங்க" என்றார். மீண்டும் வகுப்புக்குள் போய் நின்றேன். எதிரே இருந்த பிள்ளைகள் கல்லூரியில் சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. அவர்களில் ஒருவருக்கும் மேகலாவைத் தெரியாது. பாதியில் விட்ட கணக்கைப் போட்டு முடித்தேன்.

அவளைத் தெரிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். குன்னூர்ப் பக்கம் உள்ள எங்கள் பொறியியல் கல்லூரியில் அவள் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுத்தாள், நான் இயற்பியல். முதலாண்டுப் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பும் பல ஆண்டுகளாக அவளிடமே இருந்தது. என்னைவிட மிகவும் இளையவள், நான் 'நீ' என்று கூப்பிட்டுப் பழகியவள். அதனால் இங்கும் அவள் என்றே எழுதுகிறேன்.

மழைக்காலத்தில்தான் எங்கள் கல்லூரி திறக்கும். கீழே சமவெளியிலிருந்து வரும் பிள்ளைகள் குளிர் தாங்காமல் முதல் வாரத்திலேயே காய்ச்சலில் விழுவார்கள். எஸ்டேட்டுகளிலிருந்து வருபவர்களுக்குக் குளிர் ஒன்றும் செய்யாது, ஆங்கிலம் படுத்தும். மேகலா மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட மாட்டாள். டப்பாவை எடுத்துக்கொண்டு விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விடுவாள். எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "மார்க் கம்மியானா யாரும் படிப்பை விட்டுட்டு ஊருக்குப் போறதில்லீங்கக்கா. தனியா உக்காந்து சாப்பிட ஆரம்பிச்சா போயிருவாங்க" என்றாள். அவள் பொறுமைசாலி என்று நினைத்துவிட வேண்டாம். வருகைக் குறைவுக்காகப் பிள்ளைகளைத் தேர்வு எழுத விடாதபோதெல்லாம் அலுவலகத்தில் சத்தம் போட்டிருக்கிறாள், ஆசிரியர் அறையில் வந்து அழுதும் இருக்கிறாள்.

ரம்யாவை உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். கூடலூரை அடுத்த ஸ்ரீமதுரையிலிருந்து வந்த பெண். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு சேர்ந்தவள். முதல் இன்டர்னல் தேர்வில் கணிதத் தாளில் பாதிக்கு மேல் வெறுமையாக விட்டிருந்தாள். மேகலா அவளைக் கூப்பிட்டு, அதே கேள்வியைத் தமிழில் கேட்டாள். அந்தப் பெண் அங்கேயே நின்றபடி போட்டுக் காட்டினாள். பிறகு, "மேம், டெரிவேட்டிவ்ங்கிறது வகைக்கெழுதானா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து மேகலா கரும்பலகையில் இரண்டு மொழியிலும் எழுதத் தொடங்கினாள். ஆனால் ரம்யா அதற்குள் பேசுவதையே குறைத்துக்கொண்டிருந்தாள். தீபாவளி விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவில்லை.

ஒரு சனிக்கிழமை மேகலா என்னையும் அழைத்துக்கொண்டு கிளம்பினாள். ஊட்டி போய், கூடலூர் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ். ரம்யாவின் வீடு இஞ்சித் தோட்டத்தை ஒட்டி இருந்தது. எங்களைப் பார்த்ததும் அவள் அம்மா பதறிப்போய், "டீச்சரே, உக்காருங்க, சாயா வைக்கிறேன்" என்று உள்ளே ஓடினார். ரம்யா கதவருகே நின்றாள்.

"யாராச்சும் ஏதாவது சொன்னாங்களா?" என்று மேகலா கேட்டாள்.

"இல்ல மேம். எல்லாரும் நல்லாத்தான் பேசுனாங்க."

"அப்புறம் ஏம்மா?"

"ஸ்கூல்ல நான் நல்லாப் படிக்கிற பொண்ணு மேம். அங்க வந்து உக்காந்தா நான் யாருன்னே எனக்குத் தெரியல."

அடுத்த பருவத்தில் சரியாகிவிடும் என்று நான் ஏதோ சொன்னேன். மேகலா சாயாவைக் குடித்து முடித்தாள். கிளம்பும்போது அந்தப் பெண்ணின் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும் பஸ்ஸில் எனக்குக் கோபம் வந்தது. "இவ்வளவு தூரம் வந்துட்டு, வான்னு ஒரு வார்த்தை கூப்பிடலையே நீ?" என்று கேட்டேன்.

நடுவட்டம் வந்ததும் குளிருக்கு ஜன்னலை மூடினாள். பிறகு சொன்னாள். "நானும் முதல்ல இன்ஜினியரிங்தானுங்கக்கா சேந்தேன். கோயமுத்தூர்ல. பொங்கலுக்குக் கோத்தகிரி வந்தவ திரும்பிப் போகல. அடுத்த வருஷம் பி.எஸ்சி. கணக்கு சேந்தேன். நான் போனதுக்கு அங்கிருந்து ஒருத்தரும் தேடி வரல."

"வந்திருந்தா போயிருப்பியா?"

"தெரியலீங்கக்கா. அதனாலதான் இந்தப் பொண்ணுகிட்ட என்ன சொல்றதுன்னும் தெரியல."

ரம்யா கடைசிவரை வரவில்லை. கூடலூரில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். மேகலா ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைப் போனில் கூப்பிடுவாள். முதலில் அம்மாதான் எடுப்பார். பிறகு ரம்யாவே எடுக்க ஆரம்பித்தாள். "யானை வந்து வாழை பூராப் போச்சாமாங்கக்கா" என்று திங்கட்கிழமை மேகலா என்னிடம் சொல்வாள். கல்லூரியைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவே இல்லை.

இந்தக் கோடை விடுமுறையில் மேகலாவுக்கு வயிற்றுவலி என்று பார்த்தபோது, கணையத்தில் கட்டி என்றார்கள். அறுவைசிகிச்சை செய்யும் கட்டத்தைத் தாண்டிவிட்டதாம். கோயம்புத்தூர் மருத்துவமனைக்கு நாங்கள் மாறி மாறிப் போனோம். கட்டிலைச் சுற்றி நின்றுகொண்டு, கோயம்புத்தூர் வெயிலைப் பற்றிப் பேசினோம்.

கடைசியாக நான் போனபோது, "பசங்க வந்துட்டாங்களாக்கா?" என்று கேட்டாள்.

"வந்துட்டாங்க. உன் பொறுப்பை என்கிட்டத் தள்ளிட்டாங்க. எனக்கு அது வராதும்மா."

"எனக்கும் வரலீங்கக்கா. ரம்யா வீட்டுல உக்காந்திருந்தப்பவே தெரிஞ்சிருச்சு."

அப்படியில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கணவர் போர்வையை இழுத்துவிட்டார். வெளியே வந்து மேட்டுப்பாளையம் பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து ஒரு குரல்செய்தி வந்தது. விடுதியில் இருக்கும் சீனியர் பெண்கள் அவள் நிலைமை தெரியாமல் அவளுக்கே போன் செய்திருக்கிறார்கள். மூச்சு வாங்க வாங்கப் பேசியிருந்தாள்: "அக்கா, லேடீஸ் ஹாஸ்டல் மேல்மாடியில சுடுதண்ணி வரலையாமா. புதுசா வந்த பிள்ளைங்க பச்சத்தண்ணில குளிக்குதுங்களாம். ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லிருங்க."

அவளிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தக் குரல் மட்டும்தான். அறிவுரை இல்லை, விடைபெறுதல் இல்லை. அன்றே அலுவலகத்தில் சொன்னேன். ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனார். காரியம் முடிந்து வந்த பிறகு மறுபடியும் சொன்னேன். இன்று காலையிலும் போய் நின்றேன்.

சுடுதண்ணீர் இன்னும் வரவில்லை, மேகலா. நாளைக்கும் போய்க் கேட்பேன்.